ஆண்டவரைத் தூக்கிய மோட்டார்

எங்கள் பங்குக் கோயிலில் ஆண்டவர் கயிற்றின் உதவியால்தான் உயிர்த்தெழுவார். பீடத்துக்குப் பின்னால் ஒட்டுப்பலகையில் ஒரு மலை, அதன்மேல் காவி அடித்த சாக்கு, நடுவில் கல்லறை. அதற்குள் வெள்ளை அங்கியும் கையில் கொடியுமாக ஒரு சிலை ஒளிந்திருக்கும். ஈஸ்டர் பூசையில் சாமியார் ‘உன்னதங்களிலே’ என்று பாடத் தொடங்கியதும் விளக்குகள் எரியும், மணிகள் அடிக்கும், வெளியே வெடி வெடிக்கும். திரைக்குப் பின்னால் ஒருவர் கயிற்றை இழுப்பார். ஆண்டவர் மேலே வருவார். அவர் எழுந்ததை அந்தக் காலத்தில் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கல்லறைக்குப் போன பெண்கள் காலி இடத்தைத்தான் பார்த்தார்கள். திண்டுக்கல்லில் நாங்கள் வருஷாவருஷம் நேரிலேயே பார்த்துவிடுகிறோம்.

கயிற்றை இழுத்தவர் என் அப்பா. அரசுப் பேருந்தில் கண்டக்டர். இழுப்பதற்கு முன் “ரைட், போலாம்” என்று மெதுவாகச் சொல்வார். பாட்டுக் குழுவில் முன்வரிசைக்காரர்களுக்கு அது கேட்கும், அவர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவார்கள். போன ஐப்பசியில் பழனி டிரிப்பை முடித்துவிட்டு வந்து டெப்போ பெஞ்சில் உட்கார்ந்தார். அதன்பிறகு எழவில்லை.

அம்மா அடக்கப் பூசைக்கு வந்தாள், முப்பதாம் நாள் பூசைக்கு வந்தாள், அத்தோடு கோயிலை நிறுத்திவிட்டாள். கூப்பிட வந்த மாதா சபைப் பெண்களிடம் வாசலில் வைத்தே சொன்னாள்: “அவரத் தூக்கிவிட அவுக அப்பா இருக்காரு. என் வீட்டுக்காரரத் தூக்கிவிட ஆரு இருக்கா?” வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஆனாலும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கறி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை. கோயிலுக்கே போகாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

“கோவம் வேற, ஒருசந்தி நோன்பு வேற. பேசாம ரசத்த ஊத்திச் சாப்பிடு.”

இந்த நிலைமையில்தான் எங்கள் உபதேசியார் வந்தார். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பதிலிருந்து மைக் செட்டைத் திட்டுவதுவரை கோயிலில் எல்லாம் அவர்தான்.

“ஏம்மா, நீ மிசினுக்குப் படிச்ச பிள்ளதான? இந்தத் தடவ கயிறெல்லாம் வேணாம். மோட்டார வச்சு ஆண்டவர எழுப்பிக் குடு.”

நான் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். படுத்துவிட்ட மெஷின்களை எழுப்பத்தான் எனக்குச் சம்பளம். சரி என்றேன். உயிர்ப்புக்குத் தேவையானவை என்று போனில் குறித்துக்கொண்டேன்: மோட்டார், இரும்புக் கயிறு, கப்பி, உச்சிக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச், கிரீஸ், விசுவாசம். கடைசி ஐட்டம் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அம்மாதான். கிறிஸ்துமஸுக்கு அவள் வராதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிறப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. ஈஸ்டர் அப்படியல்ல. எங்கள் மதத்தின் முழு மெஷினும் அந்த ஒரு போல்ட்டில்தான் நிற்கிறது. செத்தவர் எழுந்தார் என்றால் அப்பாவும் ஒருநாள் எழுவார். எழவில்லை என்றால் அப்பா கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண், நாங்கள் நன்றாகப் பாடத் தெரிந்த ஒரு கூட்டம், அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்த போல்ட் கழன்றிருந்தது. ஈஸ்டருக்கும் வராவிட்டால் இனி எதற்கும் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்பா நின்ற இடத்தில் நான் நின்றால் பார்ப்பதற்காகவாவது வருவாள் என்று நினைத்தேன். அவளிடம் சொன்னதற்கு, “மோட்டாருல எந்திரிக்கிறவருக்கு நான் எதுக்கு?” என்றாள்.

மோட்டார் பேகம்பூரில் கிடைத்தது. கட்டட வேலைக்குச் சிமென்ட் மூட்டை தூக்குகிற மோட்டார். அதன் சொந்தக்காரரான பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஈசா நபியத் தூக்கவாம்மா? எங்க கணக்குல அவரு எப்பவோ மேல போயிட்டாரு. பரவால்ல, எடுத்துட்டுப் போ. தொடச்சுத் திருப்பிக் குடு.”

ராத்திரி ஈஸ்டர் பூசை என்பதால் பெரிய சனிக்கிழமை மதியம் ஒத்திகை வைத்தோம். காலையில் இரண்டு தடவை வெறும் சாக்கு மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன், வழுக்கிக்கொண்டு போனது. பிறகு சிலையைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்து பட்டனை அழுத்தினேன். தலை வந்தது, ஆசீர் கொடுக்கும் கை வந்தது, மார்பு வந்தது. அங்கே ஒரு முறுமுறுப்பு. மோட்டார் நின்றுவிட்டது. கிரீஸ் கருகிய வாசனை அடித்தது. ஆண்டவர் இடுப்புவரை கல்லறைக்குள் நின்றபடி கையைத் தூக்கிக்கொண்டிருந்தார், தொட்டியில் குளிக்கிறவர் வீட்டு ஆட்களிடம் துண்டு கேட்பதைப் போல.

பின்னால் போய்ப் பார்த்தேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் மாதா சபைப் பெண்கள் கல்லறைக்குள் கையை விட்டுச் சிலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய ஆளுயர மாலை. அதன் வால் கப்பிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

“மேல போனப்பறம் நமக்கு எட்டாதுல்ல. அதான் முன்னாடியே போட்டோம்” என்றார் சபைத் தலைவி.

“எட்டாதுன்னு ஆண்டவரக் கழுத்தோட கட்டிப் போட்டீகளா?” என்று உபதேசியார் கத்தினார்.

“கத்தாதீக. நீங்க போன வருசம் லைட்டப் போடவே மறந்தீக.”

ஒரு அக்கா இது கெட்ட சகுனம் என்று அழத் தொடங்கினார். அப்போதுதான் பக்கவாசலில் அம்மாவைப் பார்த்தேன். கையில் டிபன் கேரியர். “கோயிலுக்கு வரல. நீ சாப்பிட வரலைன்னு சோறு கொண்டாந்தேன்” என்றாள். நான் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டதைச் சொல்ல வாய்ப்பில்லை. அவள் கண் அதற்குள் பீடத்துக்குப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக.

“என்ன ஆண்டவரே, பாதியில நிக்கிறீரு? உள்ள ஏதும் மறந்துட்டீரா?”

அழுதுகொண்டிருந்த அக்காவும் சிரித்துவிட்டார். அம்மா செருப்பைக் கழற்றினாள், கேரியரை பெஞ்சில் வைத்தாள், நேராகப் பீடத்தில் ஏறினாள். “தள்ளு” என்று என்னை ஒதுக்கிவிட்டு மாலையின் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். நான் கப்பியைச் சுத்தம் செய்து மறுபடி பட்டனை அழுத்தினேன். மணி இல்லை, வெடி இல்லை, விளக்கு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பூவிதழ்களை உதிர்த்துக்கொண்டு ஆண்டவர் மெதுவாக மேலே போய் நின்றார்.

“அல்லே…” என்று யாரோ ஆரம்பித்தார்கள். தவக்காலம் முடியும்வரை அல்லேலூயா சொல்லக்கூடாது. “ராத்திரிக்கு! ராத்திரிக்கு!” என்று உபதேசியார் பாய்ந்து நிறுத்தினார்.

அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு அடங்கியிருந்தது.

“இம்புட்டுப் பேரு சேந்து தூக்கியும் அவருக்கே இம்புட்டு நேரமாவுது” என்றாள். “உங்க அப்பாவுக்குச் செத்த நேரம் குடுக்கணும்ல.”

“ராத்திரி வாரியாம்மா?” என்று கேட்டேன்.

அவள் கிழிந்த மாலையை மடியில் போட்டுக்கொண்டு பீடத்தின் படியில் உட்கார்ந்து, நல்ல பூக்களைத் தனியே பிரிக்கத் தொடங்கினாள்.

“மொதல்ல அவர உள்ள இறக்கு, ஆளுக பாத்துறப் போறாக” என்றாள் என்னிடம். பிறகு சபைத் தலைவியைப் பார்த்து, “நாரு இருந்தாக் குடுக்கா, நான் கட்டுறேன். எந்திரிச்ச பெறகு ஏணிய வச்சு நானே போடுறேன். எந்திரிக்கிறதுக்கு முந்திப் போடுற மாலய ஐப்பசியிலயே எங்க வீட்டுக்காரருக்குப் போட்டாச்சு, அது போதும்.”