சட்டை மேல் இருந்த பன்னிரண்டு புள்ளிகள்

ஸ்கூடாய் நகரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். ஊர் மக்களிடம் இருக்கும் பழைய போட்டோ, கடிதங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நினைவுக்கு வருவதென்னவோ நான் மாட்டிக்கொண்ட கதைதான்.

பெக்கோக் என்ற ஊரிலிருந்து லெட்சுமணன் என்பவர் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ கொண்டுவந்தார். ரிட்டையரான லாரி டிரைவர். எஸ்டேட்டில் அவர் இருந்த லயத்து ஆட்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள், மொத்தமாக நிற்கும் படம். ஒவ்வொரு தலையும் பட்டாணி அளவு. சட்டை, புடவை மேல் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். ஈரம் பட்ட பழைய காகிதத்தில் வருகிற கறை என்று நானே முடிவு கட்டினேன். முதலில் ஸ்கேன், பிறகுதான் சுத்தம் என்பது எங்கள் விதி. அன்று ஸ்கேனர் பழுது. என் கை சும்மா இருக்குமா? பஞ்சை எடுத்துப் பன்னிரண்டு புள்ளிகளையும் எண்ணி எண்ணித் துடைத்தேன். எனக்கு நானே சபாஷும் போட்டுக்கொண்டேன்.

திருப்பி வாங்க வந்தவர் படத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மேடம், செத்தவங்க எல்லாம் எங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒருத்தர் போய்ட்டா குங்குமப் பொட்டு வைப்பேன். முகத்துல வெச்சா ஆளு தெரியாதுன்னு சட்டையில வைப்பேன். வர்ற ஞாயித்துக்கிழம லயத்துக்காரங்க கூடுறோம். இதப் பாத்துதான் பேரு படிச்சுக் கும்பிடணும். நீங்க எல்லாரையும் எழுப்பி விட்டுட்டீங்களே."

எங்கள் வீடு கத்தோலிக்க வீடு, இறந்தவர்களுக்கு மெழுகுவத்திதான். ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான், ஐயா."

நல்லவேளை, அவர் சட்டைப் பையில் கோயில் குங்குமம் ஒரு பொட்டலம் இருந்தது. வாசிப்பறைக்குள் பேனாகூடக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியவள் நான். அந்தப் போர்டுக்குக் கீழேயே அவரை உட்காரவைத்துக் குங்குமம் குழைத்துக் கொடுத்தேன்.

சந்தேகம் வந்த இடத்தில் அவர் போனை எடுத்தார். படத்தில் நிற்கும், இப்போது செடெனாக் ஊரில் இருக்கும் ஒருவருக்கு ஸ்பீக்கரில் அடித்தார்.

"கோவிந்தா, நீ இருக்கியா?"

"இருக்கேன்லா. பசார்ல மீன் வாங்குறேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. பொட்டு வைக்கலாமான்னு பாத்தேன்."

"அடப்பாவி. கொஞ்ச நாள் போகட்டும்லா."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

கடைசியில் அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். நான் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

"ஐயா, பன்னண்டு இருந்துச்சு."

"தெரியும் மேடம்." முன்வரிசையில் தன் பக்கத்தில் நின்ற இளம்பெண்ணைக் காட்டினார். "என் வீட்டுக்காரி. போயி மூணு வருஷம் ஆச்சு. அன்னைக்குப் பொட்டு வைக்க எனக்கு மனசே இல்ல. நீங்க தொடச்சிட்டீங்க. இவ இப்பிடியே இருக்கட்டும்."

கறை என்று தோன்றினால், பஞ்சை எடுக்குமுன் கொடுத்தவரைக் கேளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான். அந்தப் படத்தின் பதிவில் பதினொரு பேருக்கு எதிரே 'காலமானார்' என்று எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும். விட்டுப்போனது என்று நினைத்து நிரப்பிவிடாதீர்கள்.