பேரையூர்ப் பிள்ளையின் படம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

என் தாய்மாமன் மதுரையில் பேர்பெற்ற படக்காரர். இளவயதில் நாடகக் கம்பெனிகளுக்கு அரண்மனை, கானகம், கடைத்தெரு என்று படுதா எழுதியவர். பேசும் படம் வந்து கம்பெனிகள் கலைந்தபின், செத்துப்போனவர்களின் உருவப்படம் எழுதுவதே தொழிலாகிவிட்டது. "அம்புட்டு ராசாமாருக்கும் அரமண கட்டிக் குடுத்தேன். கடைசியில பொணந்தான் எனக்குச் சோறு போடுது" என்று சலித்துக்கொள்வார்.

போட்டோ இல்லாத வீடுகளுக்கு அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கண் யார் சாயல், மூக்கு யார் சாயல் என்று கேட்டு, அந்த உறவுக்காரர்களை உட்காரவைத்து எழுதுவார். கருவிழியை மட்டும் வைக்கமாட்டார். படம் சரி என்று வீட்டார் சொன்ன பிறகுதான் கண் திறப்பார். திறந்துவிட்டால் அதன்மேல் மறுபடி தூரிகை படக்கூடாது.

யுத்தம் நடந்த வருடங்களில் பேரையூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒரே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான், என் வயதுதான். மாமா இரண்டு முறை எழுதினார். கூட வந்த புருஷன், "அச்சு அசலா நம்ம பயதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவோ இரண்டு முறையும், "இது எம்பிள்ள இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமா ஓய்ந்துபோனார். ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிப்போய், செத்த பையனின் பட்டுச் சட்டையை மாட்டி உட்காரவைத்தார். எதற்கென்று என் அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கென்ன, தினமும் பக்கோடா கிடைத்தது.

விஷயம் தெரிந்து அம்மா ஓடிவந்தபோது படத்தில் கண் மட்டும்தான் பாக்கி. யார் பார்த்தாலும் அது நான்தான்.

"உசுரோட இருக்குற பிள்ளைக்கு மாலை போட வைக்கப் போறியாண்ணே? கண்ணத் தொறக்காத. கிழிச்சுப் போட்ரு."

"நான் என்னத்தா செய்ய? அந்தப் பய சாயல எழுதுனா அந்தம்மா வேண்டாங்குது. எனக்கும் கை ஓஞ்சு போச்சு."

பேரையூர் அம்மா அங்கேதான் தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தங்கை பேச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை. கண்ணில்லாத அந்தப் படத்தைப் பார்த்து, "வெயில்ல அலைஞ்சியா ராசா? மூஞ்சி வாடிக் கெடக்கு" என்றார். முந்தானையால் அதன் நெற்றியைத் துடைக்கக் கை நீட்டினார்.

"ஈரமா இருக்கு தாயி, தொட்ராதீக" என்றார் மாமா.

"சரி, தொடல" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மடியில் கிடந்த அந்தக் கையை என் அம்மா பார்த்தாள். பிறகு, "தொறந்துருண்ணே" என்றாள்.

வெளிச்சத்துக்காக மாமா என்னை ஜன்னல் பக்கம் திருப்பினார். எனக்குத் தூக்கம் வந்து தலை தொங்கியது. அம்மாதான் வந்து என் மோவாயைத் தூக்கிப் பிடித்தாள். மாமா கண் எழுதி முடிக்கும்வரை விடவில்லை. அவள் நகம் பதிந்து எனக்கு வலித்தது. அசையாமல் உட்காரத் தெரியாதவன் என்று என்மேல்தான் கோபம்போல என நினைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதி முடித்தது: கார்த்திகை மாதம் நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை.