நான் திருப்பிய பக்கம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவிக்கு வலது நுரையீரலில் நிமோனியா வந்து, பேரணாம்பட்டிலிருந்து வேலூருக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் ஆக்சிஜன். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று மூன்று என்று காட்டியது. நர்ஸ் தலைமாட்டில் ஒரு தாளை ஒட்டினார்.

"எப்படிப் படுக்கணும்னு இதுல இருக்குது. படிச்சிட்டீங்களாண்ணே?"

தலையாட்டினேன். அது இங்கிலீஷில் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்க வாய் வரவில்லை.

மதியம் அவள், "தோள்பட்ட மரத்துப் போச்சு, திருப்பி விடுங்க" என்றாள். நர்ஸ் அவளை இடப்பக்கமாகப் படுக்க வைத்திருந்தார். எனக்கு அது முதலிலிருந்தே தப்பாகப் பட்டது. முப்பது வருஷமாக டேனரியில் ஈரத் தோல் அடுக்குகிறேன். நல்ல பக்கம் மேலே இருக்க வேண்டும், கீழே போனால் அழுந்திக் கெட்டுவிடும். அதே கணக்கில், நோய் பிடித்த வலப்பக்கம் கீழே வரும்படி அவளைத் திருப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் எண் எண்பத்தைந்துக்கு இறங்கியது. கருவி கத்தியது. அவள் உதடு கறுத்தது. நர்ஸ் ஓடி வந்து மறுபடி இடப்பக்கம் திருப்பினார்.

"யாரு திருப்பினது?"

நான் குனிந்து போர்வையைச் சரிசெய்தேன்.

"நாந்தான் சிஸ்டர், பொரண்டுட்டேன்" என்றாள் அவள், மூச்சு வாங்கியபடியே.

"காத்து வராத எடத்துல ரத்தக் குழாய் தானா சுருங்கி, காத்து இருக்கிற எடத்துக்கு ரத்தத்த அனுப்பும்மா. இந்த மாதிரி நோவுல அது சரியா நடக்காது. எந்தப் பக்கம் கீழ இருக்குதோ அங்கதான் ரத்தம் ஜாஸ்தி போகும். அதான் நல்ல பக்கத்த கீழ வெச்சேன். உங்கள இன்னா பண்றது?"

வீட்டுக்கு அனுப்பிய நாளிலும், "நீங்களா பொரளாதீங்க" என்று அவளைத்தான் எச்சரித்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன்.

இதை எழுதும்போது அவள் எட்டிப் பார்த்தாள். "இன்னா எழுதறீங்க?"

"ஆஸ்பத்திரியில உன்ன பொரட்டனது நான்னு."

"அது எனக்குத் தெரியாதா? சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. அவங்க இன்னும் என்னத்தான் சொன்ன பேச்சு கேக்காதவள்னு நெனச்சினு இருப்பாங்க."

அடுத்த வாரம் டாக்டரிடம் காட்ட வேலூர் போகிறோம். இந்தத் தாளை அந்த நர்ஸிடம் கொடுக்கப் போகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

தை பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.