பச்சைக் கொப்பி பார்த்துச் சொன்ன பொருத்தம்

மொன்றியலில், பியர்பொன்ட்ஸிலிருந்து டோர்வல் போகும் காலை பஸ்ஸில் அவர் எப்போதும் எனக்கு முன் இருக்கையில் இருப்பார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்களின் மஞ்சள் மேலங்கி, காதை மூடிய கம்பளித் தொப்பி, மடியில் ஒரு பச்சைக் கொப்பி. அதில் கட்டம் கட்டமாக எழுதி, விரல் மடித்து எண்ணுவார். சாத்திரம் பார்க்கிறவர் என்று நானாகவே முடிவுகட்டி, ஒருநாள் மகளின் குறிப்பையும் ரொறன்ரோ மாப்பிள்ளையின் குறிப்பையும் நீட்டினேன்.

"அண்ணை, பொருத்தம் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

"தம்பி, இது சாத்திரமில்லை. ஸ்கொட்லாந்திலை ஒரு புட்போல் கிளப். ஆரோடை வெண்டது, ஆரோடை தோத்தது எல்லாம் இதிலை கிடக்கு."

"மட்ச் பாக்கிறனீங்களோ?"

"பாத்தால் நெஞ்சு படபடக்கும். முடிவை மட்டும் எழுதுவன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரோ கொப்பியைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

"கலியாணம் எங்கை?"

"மாப்பிள்ளை பகுதி ரொறன்ரோவிலை வைக்கச் சொல்லினம்."

அவர் முகம் கறுத்தது. "வெளியிலை போய் விளையாடினால் எங்கடை ஆக்கள் கவிழுவினம். சொந்த மைதானத்திலை வையுங்கோ."

"சாத்திரியார் சொல்லிப்போட்டார்" என்று சம்பந்தியோடு மூன்று கிழமை மல்லுக்கட்டி, மொன்றியலிலேயே கலியாணத்தை வைத்தேன். அவரும் வந்தார்; சம்பந்திக்கு அவரைச் சாத்திரியார் என்றே அறிமுகப்படுத்தினேன். சாப்பிட்டு முடித்து, போகும்போது சம்பந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பரவாயில்லை, நல்லா விளையாடினீங்கள்."

அந்தச் சாத்திரியார் கைகுலுக்கிச் சொன்னதற்கு என்ன பலன் என்று சம்பந்தி இன்றும் என்னைக் கேட்கிறார்.