கறிவேப்பிலைத் தொட்டிக்கு அள்ளிய மண்

அமெரிக்காவில், மில்பிடாஸில் நான் சமைக்கிற ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருந்தேன். மூன்று வருஷமாக முழங்கால் உயரம்தான். இலை பறிக்கப் போவேன், பாவமாக இருக்கும், திரும்பி வந்துவிடுவேன்.

போன மார்ச்சில் பக்கத்து மனையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். குவித்த மண் நல்ல கறுப்பு, நடுநடுவே கிளிஞ்சல் துண்டுகள். பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வேலையாட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து இரண்டு வாளி அள்ளி வந்து தொட்டியை நிரப்பினேன். மூன்றே வாரத்தில் கொழுந்து கொழுந்தாக வந்தது. கிள்ளி ரசத்தில் போட்டேன். முதலாளி இரண்டு தம்ளர் குடித்தார்.

"என்ன மாஸ்டர், இன்னிக்கு ஊர் வாசனை அடிக்குது."

அந்த வாரமே பள்ளத்தில் வேலை நின்றது. என் வயதுள்ள ஒரு அம்மா மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆட்கள் மண்ணைச் சலிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி விசாரித்து வந்தார். எலும்பு கிடைத்திருக்கிறதாம். இங்கே முதலில் இருந்த பழங்குடிகளின் இடுகாடாம். அந்த அம்மா அவர்கள் வழியில் வந்தவராம். ஒரு கல் இல்லை, சிலுவை இல்லை, யாருக்குத் தெரியும் என்று முதலாளிக்கு அலுப்பு.

போய்த் தொட்டியைப் பார்த்தேன். எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் போய் வந்தால் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள். நானோ அந்த மண்ணில் வளர்த்ததை வந்தவர் போனவருக்கெல்லாம் ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். சொன்னால் செடி போகும், போலீஸ் வந்தாலும் வரும். சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் என் தொட்டியிலேயே கிடப்பார்.

இரண்டு நாள் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் வந்தேன். மூன்றாம் நாள் டீயை விட்டுவிட்டுத் தொட்டியைத் தூக்கிப் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மண் உங்களுடையது, நான் எடுத்தேன், மன்னியுங்கள் என்றேன்.

அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னார். கிளிஞ்சல் குப்பையில்லையாம். அவர்கள் ஆட்கள் சாப்பிட்ட சிப்பிகளைப் பல ஆயிரம் வருஷமாகக் குவித்து, அந்த மேட்டிலேயே செத்தவர்களைப் புதைத்தார்களாம். பின்னால் வந்தவர்கள் மேட்டை வெட்டி ரோடு போட, தோட்டம் போட வண்டி வண்டியாக அள்ளிப் போனார்களாம்.

"திருப்பிக் கொண்டுவந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

அவர் சொன்னபடி செடியைப் பிடுங்கி, வேரைச் சல்லடை மேல் உதறினேன். வேர் கழுவிய தண்ணீரையும் அங்கேயே ஊற்றச் சொன்னார். சல்லடையில் பொட்டுக்கடலை அளவில் ஒரு சிப்பி மணி நின்றது, நடுவில் துளையோடு. அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். யார் கழுத்தில் கிடந்ததோ. நானும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

செடிக்குக் கடையில் மண் வாங்கிப் போட்டேன். இருந்த இலையையும் உதிர்த்துவிட்டு மறுபடி குச்சியாக நிற்கிறது. முதலாளி ரசத்தைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஊர் வாசனையைக் காணோமே, மாஸ்டர்?"

"அது நம்ம ஊரு இல்ல சார்" என்றேன். "அந்த அம்மாவோட ஊரு."