குறை சொல்லி விற்ற கார்

எங்கள் வீட்டுக் கார் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் தானாகவே ஹோர்ன் அடித்தது. வலப்பக்கம் திரும்பினால் வாயே திறக்காது. கல்முனையிலிருந்து வரும் பிரதான வீதியைவிட்டு, சாய்ந்தமருதில் கடற்கரையை நோக்கிய எங்கள் ஒழுங்கைக்குள் நுழைவதற்கு இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். ஆகையால் வாப்பா வீடு திரும்பும் செய்தியை ஒழுங்கை முழுவதும் ஒரே கணத்தில் அறிந்துகொண்டது. உம்மா அந்தச் சத்தம் கேட்டே பிளேன்டீக்குத் தண்ணீர் வைப்பார்.

அந்தக் கார் என் அக்காவான ராத்தாவைவிட வயதில் மூத்தது. எத்தனை பேர் கைமாறி எங்களிடம் வந்ததென்று வாப்பாவுக்கே தெரியாது. ஆண்கள் இடுப்பில் உடுத்தும் மருதமுனைக் கைத்தறிச் சாரங்களைப் பின் ஆசனத்தில் அடுக்கிக்கொண்டு சவளக்கடை, சாகாமம் என்று ஊரூராகக் கடைகளுக்குக் கொடுத்து வருவார் அவர். ஓட்டத்தில் குறையில்லை; மின்சாரத்தில்தான் அதற்கு மூளை பிசகியிருந்தது. இடது சிக்னலைப் போட்டால் வைப்பர் ஒருதரம் எழுந்து படுக்கும். பிரேக்கை மிதித்தால் ரேடியோவில் பாடுபவரின் குரல் தாழ்ந்துபோகும். சாரதிப் பக்கத்துக் கண்ணாடி பொத்தானை அழுத்தினால் இறங்கும், ஏறாது. மழை பெய்தால் வாப்பா விற்பனைக்கு வைத்திருந்த சாரமொன்றை வலது தோளில் போர்த்திக்கொண்டு ஓட்டுவார். காலையில் சாவியைத் திருப்பினால் பெட்டரி செத்துக் கிடக்கும். சிக்னலுக்கும் வைப்பருக்கும் என்ன உறவு, பிரேக்குக்கும் பாட்டுக்கும் என்ன பகை என்று பத்து வயதில் நான் குழம்பிய குழப்பம் கொஞ்சமல்ல.

அந்தக் காரை விற்பதென்று வீட்டில் முடிவாயிற்று. காரணம் ராத்தாவின் கல்யாணம்.

எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவார். பெண்ணுக்கு ஒரு வீடு எழுந்து நிற்காமல் நிக்காஹ் நடப்பதில்லை. ராத்தாவுக்கான வீடு எங்கள் வளவின் பின்புறத்தில் சுவர்கள் மட்டுமாக நின்றது. கூரை இல்லை. மாப்பிள்ளையை உம்மாவின் சகோதரரான மாமா பார்த்துப் பேசி முடித்திருந்தார். கட்டாரில் வேலை செய்யும் மாப்பிள்ளை இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தார். லீவு முடிவதற்குள் கூரை ஏற வேண்டும். கூரை ஏறுவதற்குக் கார் விலைப்பட வேண்டும். இவ்வளவும் எனக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

விளங்காதது ராத்தாவின் முகம். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு அவள் பல்கலைக்கழக அனுமதி சொல்லும் கெம்பஸ் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள்.

"கடிதம் வந்த பொறகு பாப்பமே" என்று வாப்பா ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"கடிதம் எப்பயும் வரும். மாப்பிள்ள காத்துக் கிடப்பாரா?" என்றார் உம்மா.

மாமா குறுக்கிட்டார். "மச்சான், நான் வாக்குக் குடுத்திட்டன். படிச்ச புள்ள வேணாமெண்டு அவங்க சொல்லல்ல. இனிப் படிக்க வேணாமெண்டுதான் சொல்றாங்க."

வாப்பா அதற்கு மேல் கதைக்கவில்லை. அந்த வீட்டுக்கு அவர் வந்து இருபது வருடங்கள் ஆகியிருந்தும், உம்மாவின் வீட்டில் உம்மாவின் சகோதரருக்கு முன்னால் அவர் இன்னும் புது மாப்பிள்ளைதான்.

விற்கும் பொருளின் குறையை மறைத்து விற்றால் அந்தப் பணத்தில் பரக்கத் என்னும் இறையருள் இராது என்று, குர்ஆன் ஓதப் பழகும் ஓதப்பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். போதாக்குறைக்கு அந்த வருட மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் 'வாய்மை' என்ற தலைப்பில் எனக்கு முதலிடம் கிடைத்திருந்தது. பரிசாகக் கிடைத்த சுவர்க் கடிகாரம் எங்கள் வீட்டு மண்டபத்தில் தொங்கியது. அதன் கீழே நடமாடும் ஒவ்வொரு வேளையும், இவ்வீட்டில் வாய்மையைக் காக்கும் பொறுப்பு என்னுடையதென்றே நான் கருதிக்கொண்டேன்.

காரைப் பார்க்க முதலில் வந்தவர் காரைதீவைச் சேர்ந்த ஓர் ஆசிரியர். வாப்பா அவரைக் கதிரையில் இருத்திவிட்டுச் சொன்னார்:

"சேர், முதல்ல குறையைச் சொல்லிர்றன். பொறகு நீங்க காரைப் பாருங்க."

ஹோர்னில் தொடங்கினார். வழமையாக நான்கு சொல்லுக்கு மேல் பேசாத வாப்பா, அன்று ஒவ்வொரு குறையையும் அதன் பூர்வீகம் முதற்கொண்டு விரித்துரைத்தார். மழையில் சாரம் போர்த்திய கதையைச் சொல்லி முடித்து மூச்சு வாங்கியபோது நான் முன்னால் வந்தேன்.

"வாப்பா, வைப்பரை மறந்திட்டீங்க."

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "இந்தக் காரோட சேத்து, இதைத் திருத்த ஒரு வயரிங் பாஸையும் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டு, தேநீரைக் குடித்து, காரைத் திரும்பியும் பாராமல் போய்விட்டார். உம்மா குசினிக்குள் என்னை அழைத்துக் கையில் கிள்ளினார். வாப்பா மறுநாள் எனக்கு ஒரு பொதி டொபி வாங்கி வந்தார். ஒரே உண்மைக்கு உம்மாவிடம் கிள்ளும் வாப்பாவிடம் டொபியும் எப்படிக் கிடைக்கும்? இருவருள் ஒருவர் தவறு. அது யாரென்று தீர்மானிக்க முடியாமல் நான் டொபியைத் தின்றேன்.

அடுத்து வந்தவர் எங்கள் ஊர் மீன் வியாபாரி. குறைகளையெல்லாம் பொறுமையோடு கேட்டுவிட்டு, "ஓடுதா இல்லையா, அதைப் பாப்பம்" என்றார். சாவியைத் திருப்பினார், கார் ஒரு செருமல் செருமி அடங்கிற்று. ஒழுங்கையில் நின்ற நால்வரோடு அவரும் இறங்கிப் பள்ளிவாசல் மதில்வரை தள்ளிப் பார்த்தார். அப்போதும் அது எழும்பவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வாப்பாவை அண்ணன் முறை வைத்து அழைத்து அவர் சொன்னார்:

"காக்கா, தோணி தள்ளித் தள்ளிக் கை ஓஞ்சுதான் கார் வாங்க வந்தன். இதையும் தள்ளச் சொல்றீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். மாப்பிள்ளையின் லீவில் பாதி கரைந்துவிட்ட நிலையில், விலைப்படாத காரின் பக்கத்தில் நின்று அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் புதிராக இருந்தது. வீட்டுக்குள் பார்த்தேன், யன்னலுக்குப் பின்னால் ராத்தாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் சிரிக்க வேண்டியது இதற்கா?

செய்தி மாமாவின் காதுக்குப் போயிற்று. இரண்டு நாட்கள் கழித்து, வாப்பா பஸ்ஸில் சாரம் கொண்டுபோன ஒரு காலையில், மாமா வயரிங் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தார். உம்மாவிடம் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"மச்சான் குறையைச் சொல்லட்டும். சொல்ல வேணாமெண்டு நான் சொன்னா அது பாவம். சொல்றதுக்குக் குறை இல்லாமச் செஞ்சிட்டாச் சரிதானே?"

பாஸ் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னரே வேலையைத் தொடங்கினார். நான் அவர் பக்கத்தை விட்டு அசையவில்லை. பெட்டரிக்குக் கீழே கைவிட்டு ஒரு தடித்த வயரை இழுத்தெடுத்தார். அதன் நுனியில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தட்டினார், பொடியாக உதிர்ந்தது.

"இதான் ஏர்த் வயர் மகள். கரண்டு வேலைக்குப் போனாத் திரும்பி வீட்டுக்கு வர ஒரு வழி வேணும். அந்த வழியைக் கடல் காத்துத் தின்டிட்டுது. பொறகு அது என்ன செய்யும்? கிடைச்ச வழியால வரும். சிக்னலுக்குப் போனது வைப்பருக்குள்ளால வரப் பாக்கும். அதுதான் வைப்பர் எழும்புது."

"அப்ப எல்லாக் குறைக்கும் இதுவா காரணம்?"

"பாதிக் குறைக்கு இது. மத்தப் பாதி வயசு."

மண்கடதாசியால் இரும்பைத் தேய்த்து மினுக்கிப் புதிய ஏர்த் வயரை இறுக்கினார். ஸ்டியரிங்கைக் கழற்றி, இடப்பக்கம் திரும்பும்போது உரசிக்கொண்டிருந்த வயரொன்றுக்கு டேப் சுற்றினார். ஓடும்போது பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பொறியைக் கழற்றித் தேய்ந்த துண்டுகளை மாற்றினார். கண்ணாடிப் பொத்தானுக்குள் இருந்த துருவைச் சுரண்டினார். கேள்வி கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் நான் மனனம் செய்துகொண்டேன். பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும் வேளையில் பாஸ் சாவியைத் திருப்பினார். கார் முதல் திருப்பிலேயே எழுந்து இரைந்தது.

மாலையில் வந்த வாப்பாவிடம் மாமா சாவியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வாப்பா பிரதான வீதிவரை போய்த் திரும்பினார். ஒழுங்கைக்குள் கார் நுழைந்த சத்தமே இல்லை. வாசலில் வந்து நின்ற பிறகுதான் உம்மா பிளேன்டீக்குத் தண்ணீர் வைக்க ஓடினார். நெடுநேரம் இறங்காமல் உள்ளேயே இருந்த வாப்பா, பிறகு கண்ணாடியைத் தானே ஏற்றிவிட்டு இறங்கினார்.

"நல்லா இரிக்கி" என்றார். அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு போடியார் தம் மகனோடு வந்தார். ஏக்கர் கணக்கில் வேளாண்மை செய்பவர். மாமாவும் முன்கூட்டியே வந்து அமர்ந்திருந்தார். வாப்பா தம் வழக்கப்படி குறைகளைச் சொல்லத் தொடங்கினார். ஹோர்ன் தானாக அடித்தது, பெட்டரி செத்தது என்று சொல்லிக்கொண்டு போகையில் போடியார் கையை உயர்த்தினார்.

"தம்பி, இதெல்லாம் முந்தி. இப்ப என்ன குறை?"

வாப்பா தடுமாறினார். "இப்ப பாஸ் செஞ்சிருக்காரு. எத்தின நாளைக்குத் தாங்குமெண்டு எனக்குத் தெரியா."

"அது ஒருத்தருக்கும் தெரியா. எனக்கும் அறுபது தாண்டிட்டு, எத்தின நாளைக்கு ஓடுவனெண்டு ஆருக்குத் தெரியும்?"

மாமா உரக்கச் சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. அவர் பார்வை சுற்றிவந்து கதவோரத்தில் நின்ற என்மேல் நிலைத்தது.

"மகள், நான் ஏதும் குறையைச் சொல்ல மறந்திட்டனா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சபையில் என்னைச் சாட்சிக்கு அழைக்கிறார் என்றே நான் எண்ணினேன். அத்தனை பெரியவர்கள் நடுவில் என் சொல்லை ஒருவர் கேட்டு நின்றது அதுவே முதல் தடவை. மண்டபத்தின் நடுவுக்கு வந்தேன். போட்டியில் பழக்கியவாறு கால்களைச் சேர்த்து வைத்தேன். வாப்பாவின் கண்கள் என் கண்களைவிட்டு அகலவில்லை. அதை ஊக்கமென்று எடுத்துக்கொண்டேன். ஏர்த் வயரில் தொடங்கி ஒவ்வொரு குறையும் எதனால் வந்தது, அதை பாஸ் எவ்வாறு தீர்த்தார் என்று வரிசை பிசகாமல், சுருதி தாழாமல் சொல்லி முடித்தேன். நிறைவுரையும் மறக்கவில்லை.

"ஆகவே, பெரியோர்களே, இந்தக் காரில் இன்று ஒரு குறையும் இல்லை என்பதற்கு நானே சாட்சி."

போடியார் எழுந்தேவிட்டார். "மாஷா அல்லாஹ்! பாஸ் வந்து சொன்னாலும் நான் நம்பமாட்டன். இந்தப் புள்ள சொன்னாப் போதும்."

"மச்சான், இவளை வெச்சு நாலு கார் விப்பமா?" என்று மாமா வாப்பாவின் தோளில் தட்டினார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து என் கன்னத்தில் முத்தமிட்டார். வாப்பா சாவியை இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். பிறகு என் தலையில் கைவைத்து, "நல்லாக் கதைச்சீங்க மகள்" என்றார். அந்தக் கை என் தலையைவிட்டு எளிதில் எழும்பவில்லை.

கூரை அடுத்த வாரமே ஏறிற்று. லீவு முடிவதற்குள் நிக்காஹ் நடந்தது. கெம்பஸ் கடிதம் வலீமா விருந்து முடிந்த பிறகு வந்தது. உம்மா அதைப் பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கும் தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்தார். பொய் சொல்ல மனம் வராத, மறுத்துப் பேசத் துணிவும் வராத ஒரு மனிதர் உண்மையை மட்டுமே சொல்லி நாட்களைக் கடத்தப் பார்த்தார் என்பதும், கைவசமிருந்த குறைகள் தீர்ந்துபோன அன்று அவர் கடைசியாக நம்பிக் கேட்டது என்னிடம் என்பதும், எனக்கு விளங்க வருடங்கள் பிடித்தன. எத்தனையோ மேடைகளில் எதிரணியின் வாதத்தை உடைத்திருக்கிறேன். நான் உடைத்த முதல் வாதம் வாப்பாவுடையது.

கார் போன அந்த மாலையில், கூரையில்லாத தன் வீட்டுக்குள் சீமெந்துப் பை ஒன்றின் மேல் ராத்தா தனியே இருந்தாள். நான் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன்.

"ஒரு குறையுமில்லையெண்டு நீதானா புள்ள சொன்ன?"

"ஓம் ராத்தா. நான்தான்!"

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. காருக்காக இவ்வளவு அழுவாளா என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஆனாலும் அழுகிறவர்களைத் தேற்ற வேண்டுமல்லவா?

"அழாதீங்க ராத்தா. மச்சான் கட்டாரிலருந்து காசு அனுப்பி உங்களுக்கு வேற கார் வாங்கித் தருவாரு. புத்தம் புதுசு."

ராத்தா என்னை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டாள். என் தலைக்கு மேலிருந்து, "ஓம் புள்ள, ஓம்" என்று மட்டும் சொன்னாள். அழுகை நின்றுவிட்டது. ஒரே நாளில் போடியாரையும் ராத்தாவையும் என் பேச்சினால் வென்றுவிட்டேனென்ற களிப்போடு, உம்மா எனக்கென்று எடுத்து வைத்திருந்த வட்டிலப்பத்தைத் தின்பதற்கு நான் வீட்டுக்குள் ஓடினேன்.