புகைபோக்கியை இடிக்க ஓர் ஆட்சேபணை

காலை ஆறே முக்காலுக்குச் சென்னை ரயில் தூத்துக்குடியில் நின்றது. என் பையில் மாற்றுச் சேலை ஒன்றும், குத்தகைப் பத்திர நகல் அறுபத்துச் சொச்சம் பக்கமும் இருந்தன. முப்பது வருடமாக நிலப் பத்திரம் படித்துப் பிழைக்கிற வக்கீல் நான். ஊர் பார்க்கப் போகிறவர்கள் வழிகாட்டிப் புத்தகம் எடுத்துப் போவார்கள். எனக்குப் பத்திரம்தான் வழிகாட்டி.

கடற்கரையோரம் மூடிக் கிடக்கும் ஒரு தனியார் அனல் மின் நிலையத்தை என் கட்சிக்காரரான சோலார் கம்பெனி வாங்குகிறது. அன்று ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். நிலக்கரி எரிந்த இடத்தில் வெயிலை வைத்து மின்சாரம் எடுக்கப்போகிறார்கள் என்ற நினைப்பே என்னை ரயிலில் சரியாகத் தூங்கவிடவில்லை.

ஸ்டேஷனிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டுநர் முருகேசன் நானூறு கேட்டு முந்நூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார்.

"அங்கன என்ன மேடம் இருக்கு? மூடி மூணு வருசம் ஆச்சு. சிம்னி மட்டுந்தான் நிக்கி."

உப்பளங்களைத் தாண்டும்போதே அது தெரிய ஆரம்பித்தது. சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த புகைபோக்கி. சாலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் கூடவே வந்தது.

எட்டு மணிக்கு நிலைய வாசலில் கம்பெனி இன்ஜினியர் கார்த்திக் காத்திருந்தார். உள்ளே துருப்பிடித்த கன்வேயர், சாம்பல் கொட்டிய மேடு. கார்த்திக் நேராக என்னை மின்கம்பிகள் புறப்படும் முற்றத்துக்குத்தான் அழைத்துப் போனார். "மேடம், இதுக்காகத்தான் வாங்குறோம். லைன் ரெடியா இருக்கு. புதுசா டவர் போட வேண்டாம், யார் நிலத்துக்குள்ளயும் போக வேண்டாம்."

ஆனால் பத்திரம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அரசு நிலத்தைக் கொடுத்தது நிலக்கரியைக் கொண்டு மின்சாரம் தயாரிக்க மட்டும். நோக்கம் மாறினால் குத்தகையைத் திருத்த வேண்டும். சாம்பல் மேட்டைச் சுத்தம் செய்ய வேண்டியது விற்பவரா வாங்குபவரா என்று எழுதிக்கொள்ள வேண்டும். கடலோர அனுமதி தனி. தவிர, நிலக்கரி வேலை முடிந்ததும் கட்டடங்களை எல்லாம் இடித்துத் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. புகைபோக்கியையும் சேர்த்துத்தான்.

பத்தரைக்கு மாதா கோயிலை அடுத்த மண்டபத்தில் கூட்டம். வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் நடத்தினார். வந்த ஆட்சேபணை ஒன்றே ஒன்று. எழுந்தவர் பெயர் லூர்து. சங்கு குளிக்கிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"சோலார் தாராளமா வரட்டும். சிம்னிய இடிக்கப்படாது."

கார்த்திக் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, இந்தப் புகைய எதிர்த்து வருசா வருசம் மனு குடுத்ததே நீங்கதான!"

"புகையத்தான் வேண்டாம்னோம். சிம்னிய யாரு வேண்டாம்னா? அதப் பாத்துத்தான் நாங்க கடல்ல எடம் பிடிக்கோம்."

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எந்த இடம், எப்படிப் பிடிக்கிறீர்கள், எழுதித் தாருங்கள் என்றார். எழுத முடியாது என்று லூர்து தலையை ஆட்டினார். பின்னால் இருந்த, அவரோடு சங்கு குளிக்கிற முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். மாலை நான்குக்குள் காரணம் எழுதி வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று முடித்துவிடுவேன் என்றார் அதிகாரி.

லூர்து எதிர்த்தரப்புத்தான். அதற்காக இதை இப்படியே விட்டுவிட்டு என்னால் சாப்பிட முடியுமா? லூர்துவிடம் போய்ப் படகில் வரலாமா என்று கேட்டேன். தொழில் தர்மம் கெடாமல் கார்த்திக்கையும் கூட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ஃபைபர் படகு புறப்பட்டது. ஏறியதும் லூர்து போட்ட முதல் நிபந்தனை: "ரெண்டு பேரும் கடலப் பாத்தே உக்காருங்க. கரையத் திரும்பிப் பாக்கப்படாது."

முக்கால் மணி நேரம் எனக்குக் கடலும் கார்த்திக்கின் வாந்தியும்தான் காட்சி. இன்ஜின் நின்றதும் லூர்து ஈர விரலால் பலகையில் இரண்டு கோடு கிழித்தார்.

"சிம்னியும் கரையில உள்ள இன்னொண்ணும் ஒரே நேர்ல வரணும். அது ஒரு கோடு. வடக்க அதே மாதிரி இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டுத எடத்துல கீழ பார் இருக்கும்." பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. அதை ஒட்டித்தான் சங்கு கிடக்கும்.

"ஜிபிஎஸ் இருக்கே?" என்றேன்.

"அதுல குறிச்சா, மிஷின எடுத்துப் பாக்குறவன் பூராப் பேரும் நாளைக்கு இங்கன வந்து நிப்பான். எந்தம்பிக்கே நான் சொன்னதில்ல. மனுவுல எழுதச் சொல்லுதாவ! முன்னால எங்கப்பா ஒரு பனையப் பாத்து வந்தாவ. நிலையம் கட்டும்போது அத வெட்டித்தான் சிம்னிய நட்டாவ. இதுவும் போச்சுன்னா எம்பாரு எனக்கே தெரியாது."

சட்டென்று குதித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். மேலே வந்தபோது கையில் சங்கு.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "லூர்து, எல்லாருக்கும் சிம்னிதானா?"

"சிம்னி ஊருக்குப் பொது. அது கூட எதச் சேக்கோம்ங்கிறது அவனவன் சொத்து."

நான் துள்ளியதில் படகே ஆடியது. "அப்போ சிம்னிய மட்டும் எழுதுங்க! அத வச்சு உங்க பார யாரு கண்டுபிடிக்க முடியும்?"

லூர்து சங்கைப் படகுக்குள் போட்டார். பிறகு சிரித்தார். "ஒரு மண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

கரை சேர்ந்ததும் என் கம்பெனிக்குப் போன் போட்டேன். இவர்கள் நீதிமன்றம் போனால் வேலை இழுத்தடிக்கும், நோக்கத்தை மாற்றக் குத்தகையை எப்படியும் திருத்தப் போகிறோம், அதில் கூடுதலாக ஒரு வரிதானே என்றேன். புகைபோக்கியின் நிழல் பேனல் மேல் விழும் என்றார்கள். கார்த்திக் போனை வாங்கி, ரெண்டு வரிசை பேனலைத் தள்ளிப் போட்டால் போதும் என்றார். வாந்தி எடுத்த மனிதர் பேசிய பேச்சா அது! பராமரிப்பும், விழுந்தால் பொறுப்பும் கம்பெனிக்கு என்பதில் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் சம்மதித்தார்கள்.

மூன்றே முக்காலுக்கு லூர்து மனுவைக் கொடுத்தார். 'நாங்கள் கடலில் தொழில் செய்யும் இடங்களை அறிய இந்தப் புகைபோக்கி எங்கள் அனைவருக்கும் பொதுவான கரை அடையாளம்.' கீழே முப்பத்தொரு கையெழுத்து. அதிகாரி இரண்டு முறை படித்தார். எங்கள் சம்மதக் கடிதத்தையும் சேர்த்து, இடித்துத் தரும் நிபந்தனையைப் புகைபோக்கி நீங்கலாக என்று திருத்தப் பரிந்துரைத்தார். மேலிடத்து உத்தரவு இனிமேல்தான் வர வேண்டும். இருந்தாலும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்து மணிக்கு முருகேசன் ஆட்டோவோடு வந்துவிட்டார். "போன காரியம் காயா பழமா மேடம்?"

"பழம்!"

லூர்து வழியனுப்ப வந்து, "இப்பம் கரைய நல்லாப் பாத்துக்கிடுங்க. இனி பாத்தா ஒண்ணுமில்ல" என்றார்.

வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று முப்பது வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்தவள் நான். சென்னையில் சாப்பாடு கொண்டுவருகிறவரிலிருந்து கேஸ் சிலிண்டர்காரர் வரை எல்லாருக்கும் நான் இருக்கும் இடத்தைப் போனில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒருவர் தன் இடத்தைச் சொல்லாமலே அதைக் காப்பாற்றிவிட்டார்.

ஆட்டோ திரும்பியபோது புகைபோக்கியை மட்டும் ஒரு தடவை பார்த்தேன். அதன் பக்கத்தில் எது இருக்கிறது என்று கண் போகத்தான் செய்தது. உடனே முகத்தைத் திருப்பி முருகேசனின் முதுகைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.